ஊருக்குப் போகும் முன்: பயணக் காப்புறுதி எப்போது கைகொடுக்கும், எப்போது கைகொடுக்காது?

டிசம்பர் விடுமுறைக்கு டிக்கெட் போட்டாச்சா?

பள்ளி விடுமுறை நெருங்கியதும் லிட்டில் இந்தியாவில் அந்த மாற்றத்தைப் பார்க்கலாம். முஸ்தஃபா சென்டரில் மிட்டாய்ப் பொட்டலம், கோடாலித் தைலம், பால் மாவு எனத் தள்ளுவண்டிகள் நிரம்பும். சிராங்கூன் சாலையைச் சுற்றியுள்ள பயண முகவர் கடைகளில் சென்னைக்கு எவ்வளவு, திருச்சிக்கு எவ்வளவு, கோயம்புத்தூருக்கு எவ்வளவு என்ற விசாரிப்பு நடக்கும். விலை படிந்து, டிக்கெட்டும் கைக்கு வந்த பிறகு கடைசியாக ஒரு கேள்வி வரும்.

"தம்பி, இன்சூரன்ஸ் போடவா?"

"வேணாம் அண்ணே. ஊருக்குத்தானே போறேன்."

கைப்பேசியில் டிக்கெட் எடுப்பவர்களும் பெரும்பாலும் இதைத்தான் செய்கிறோம். காப்புறுதிப் பெட்டியில் இருக்கும் 'டிக்'கை எடுத்துவிட்டு, "அப்புறம் பாத்துக்கலாம்" என்று பணம் கட்டும் பக்கத்துக்குப் போய்விடுகிறோம். சிலர் சாங்கியில் விமானம் ஏறும் வாசலில் உட்கார்ந்துகொண்டு, கிளம்புவதற்கு அரை மணி நேரத்துக்குமுன் வாங்குவார்கள்.

அந்த 'அப்புறம்' உங்களுக்கு எவ்வளவு செலவு வைக்கலாம்? 2024ஆம் ஆண்டு நவம்பர் கடைசியில் சென்னையில் நடந்ததை வைத்துப் பார்ப்போம்.

ஃபெங்கல் புயல்: அன்று என்ன நடந்தது?

2024 நவம்பர் கடைசி வாரத்தில் வங்காள விரிகுடாவில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் வலுவடைந்தது. தமிழகக் கடலோர மாவட்டங்களுக்குக் கனமழை எச்சரிக்கைகள் வந்தபடி இருந்தன. நவம்பர் 29ஆம் தேதி அது புயலாக மாறியது. 'ஃபெங்கல்' என்ற பெயரும் கிடைத்தது. மறுநாள் இரவு புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது.

நவம்பர் 30ஆம் தேதி நண்பகல் வாக்கில் சென்னை விமான நிலையம் மூடப்பட்டது. முதலில் மாலை 7 மணி வரை என்றார்கள். பிறகு மறுநாள் அதிகாலை 4 மணி வரை என்றார்கள். நள்ளிரவைத் தாண்டித்தான் சேவைகள் மெல்லத் திரும்பின. அதோடும் முடியவில்லை. அடுத்த இரண்டு நாள்களில் விழுப்புரம் பக்கம் வெள்ளம் ஏறியதால், சென்னையிலிருந்து தென்மாவட்டங்களுக்குப் போகும் பல ரயில்கள் ரத்தாயின.

இது ஏதோ ஒருமுறை நடந்த விபத்து என்று நினைக்க வேண்டாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது ஓடுபாதையில் தண்ணீர் தேங்கி, சென்னை விமான நிலையம் ஏறக்குறைய ஒரு நாள் மூடிக் கிடந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாறு கரைபுரண்டபோது பல நாள் மூடப்பட்டது. அப்போது அரக்கோணத்திலுள்ள கடற்படைத் தளத்திலிருந்து விமானங்களை இயக்கினார்கள்.

காரணம் எளிது. தமிழ்நாட்டுக்கு வடகிழக்குப் பருவமழை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. சிங்கப்பூரின் ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையும் அதே நேரத்தில்தான். அதாவது, நம்மில் பலர் ஊருக்குக் கிளம்பும் பருவமும் புயல் பருவமும் ஒன்றே.

விமான நிறுவனம் பார்த்துக்கொள்ளாதா?

ஓரளவு பார்த்துக்கொள்ளும். விமானம் ரத்தானால் பொதுவாக வேறு விமானத்தில் இடம் தருவார்கள் அல்லது டிக்கெட் பணத்தைத் திருப்பித் தருவார்கள். அதற்குமேல் எதிர்பார்ப்பது கடினம். ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பதுபோல், இத்தனை மணி நேரம் தாமதமானால் இவ்வளவு இழப்பீடு என்று விதிக்கும் சட்டம் சிங்கப்பூரில் இல்லை. புயல், வெள்ளம் போன்றவை விமான நிறுவனத்தின் கட்டுப்பாட்டில் இல்லாத காரணங்கள் என்பதால், ஐரோப்பாவில்கூட அதற்கு அந்த இழப்பீடு கிடைக்காது.

நீங்கள் தனியாகப் பதிவுசெய்த மகாபலிபுரம் ஹோட்டல், சென்னையிலிருந்து மதுரைக்கு எடுத்த இன்னொரு டிக்கெட், முன்பணம் கொடுத்த வாடகை வேன் ஆகியவை விமான நிறுவனத்தின் கணக்கில் வரவே வராது. அந்த இடைவெளியை நிரப்பத்தான் பயணக் காப்புறுதி.

ஒரே விமானம், மூன்று கதை

ஒரு கற்பனை எடுத்துக்காட்டைப் பார்ப்போம். அக்கா, தம்பி, அவர்களுடைய சித்தப்பா மகன். மூவருக்கும் 2024 நவம்பர் 30ஆம் தேதி பிற்பகலில் சென்னைக்குப் போக ஒரே விமானத்தில் டிக்கெட். அந்த விமானம் ரத்து. மறுநாள்தான் வேறு விமானம் கிடைக்கிறது.

- அக்கா அக்டோபரில் டிக்கெட் எடுத்த அன்றே காப்புறுதியும் வாங்கிவிட்டார். அப்போது புயலே கிடையாது. தாமதத்துக்கான தொகை, பயன்படுத்த முடியாமல்போன ஹோட்டல் பணம் ஆகியவற்றைப் பாலிசியின் வரம்புக்கு உட்பட்டு அவர் கோரலாம்.

- தம்பி நவம்பர் 29ஆம் தேதி இரவு, தொலைக்காட்சியில் புயல் செய்தியைப் பார்த்துவிட்டு அவசரமாக வாங்கினார். அவரிடமும் காப்புறுதி இருக்கிறது. ஆனால் அந்தப் புயலால் வரும் இழப்புக்கு அவருக்குப் பெரும்பாலும் எதுவும் கிடைக்காது.

- சித்தப்பா மகன் வாங்கவே இல்லை. எல்லாச் செலவும் கைக்காசு.

தம்பி ஏன் மாட்டிக்கொண்டார்? அதற்குக் காரணம் 'தெரிந்த நிகழ்வு' என்ற ஒரு விதி.

'தெரிந்த நிகழ்வு' என்றால் என்ன?

காப்புறுதி, எதிர்பாராமல் நடப்பவற்றுக்குத்தான். ஒரு புயலோ எரிமலை வெடிப்போ வேலைநிறுத்தமோ பொதுமக்களுக்கு ஏற்கெனவே தெரிந்துவிட்டால், அதற்குப் பிறகு வாங்கும் பாலிசியில் அந்த நிகழ்வுக்கு மட்டும் பாதுகாப்பு இருக்காது. மற்றவற்றுக்கு இருக்கும். தம்பி சென்னையில் வழுக்கி விழுந்து கை உடைந்தால் அவருக்கு மருத்துவச் செலவு கிடைக்கலாம். புயலால் விமானம் தாமதமானதற்குக் கிடைக்காது.

எந்தத் தேதியிலிருந்து ஒன்று 'தெரிந்த நிகழ்வு' ஆகிறது? அதிகாரத்துவ எச்சரிக்கை, ஊடகச் செய்தி போன்றவற்றை வைத்துக் காப்புறுதி நிறுவனங்கள் முடிவெடுக்கின்றன. பெரிய நிகழ்வு என்றால் பல நிறுவனங்கள் தேதியைத் தங்கள் இணையப்பக்கத்தில் அறிவித்துவிடும். கிருமிப்பரவல் தொடங்கிய 2020ஆம் ஆண்டில் அதைப் பார்த்தோம். குறிப்பிட்ட தேதிக்குப் பிறகு வாங்கிய பாலிசிகளுக்கு கொவிட்-19 தொடர்பான ரத்துக் கோரிக்கைகள் ஏற்கப்படாது என்று நிறுவனங்கள் அப்போது தெரிவித்தன.

பாலிக்குப் போகிறவர்களுக்கும் இது பழகிய கதை. இந்தோனேசியாவின் லெவோடோபி லக்கி-லக்கி எரிமலை 2024 நவம்பரில் வெடித்துச் சாம்பலைக் கக்கியபோது பாலிக்கான விமானங்கள் பல ரத்தாயின. 2025 ஜூனிலும் ஜூலையிலும் மறுபடி குமுறியது. சாம்பல் செய்தியைப் பார்த்த பிறகு காப்புறுதி வாங்க ஓடினால், நேரம் கடந்துவிட்டது என்றே அர்த்தம்.

ஆண்டு முழுவதுக்குமான திட்டம் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாலிசி எப்போது தொடங்கியது என்பதோடு, அந்தப் பயணத்தை எப்போது பதிவுசெய்தீர்கள் என்பதையும் நிறுவனங்கள் பார்க்கலாம்.

சீக்கிரம் வாங்குவதில் இன்னொரு பலனும் உண்டு. ஒருமுறைப் பயணத்துக்கான திட்டங்களில் 'பயண ரத்து'ப் பாதுகாப்பு, பெரும்பாலும் வாங்கிய நாளிலிருந்தே தொடங்கும். டிசம்பர் பயணத்துக்கு அக்டோபரில் வாங்கினால் இடைப்பட்ட நாள்களுக்கும் அது இருக்கும். கிளம்பும் நாளில் வாங்கினால், அதே கட்டணத்தைக் கட்டியும் அந்தப் பாதுகாப்பு கையில் இல்லாமலே போய்விடும்.

சரி, பொதுவாக எதற்கெல்லாம் பாதுகாப்பு உண்டு?

நிறுவனத்துக்கு நிறுவனம் தொகை மாறும். ஆனால் சிங்கப்பூரில் விற்கப்படும் பெரும்பாலான திட்டங்களில் இவை இருக்கும்:

- வெளிநாட்டில் ஏற்படும் மருத்துவச் செலவு. நாடு திரும்பிய பிறகு குறிப்பிட்ட நாள்களுக்குள் இங்கே தொடரும் சிகிச்சையும் ஓரளவு சேரும்.
- அவசர மருத்துவ இடமாற்றம். அதாவது, வேறு மருத்துவமனைக்கோ சிங்கப்பூருக்கோ கொண்டுவரும் செலவு.
- பயணம் ரத்து, பாதியில் திரும்புதல்.
- விமானத் தாமதம். பொதுவாக 6 மணி நேரத்தைத் தாண்டிய பிறகே கணக்கு தொடங்கும்.
- பயணப்பெட்டி தாமதம், தொலைதல், சேதம்.
- விபத்தில் மரணம் அல்லது நிரந்தர உடற்குறை.
- உங்களால் மற்றவருக்கோ அவர் உடைமைக்கோ சேதம் ஏற்பட்டால் சட்டப்படி தரவேண்டிய தொகை.

பலரும் பார்ப்பது பெட்டியையும் தாமதத்தையும்தான். ஆனால் பட்டியலில் மேலே இருக்கும் இரண்டும்தான் உங்களைக் கடனாளி ஆக்கக்கூடியவை.

மெடிஷீல்டு லைஃப் இருக்கே என்று நினைக்கிறீர்களா? அது வெளிநாட்டுச் சிகிச்சைக்குப் பணம் தராது. சிங்கப்பூர்த் தூதரகம் மருத்துவமனையையோ வழக்கறிஞரையோ தேட உதவலாம். உங்கள் கட்டணத்தை அது கட்டாது. மோசமான நிலையிலுள்ள நோயாளியை மருத்துவ விமானத்தில் கொண்டுவருவதற்குப் பல்லாயிரம் வெள்ளி ஆகும். வெளிநாட்டு மருத்துவமனையில் படுத்திருக்கும் ஒருவருக்காக அவருடைய குடும்பம் இணையத்தில் நிதி திரட்டும் வேண்டுகோள் உங்கள் வாட்ஸ்அப் குழுவுக்கும் வந்திருக்கலாம்.

2024 மே 21ஆம் தேதி லண்டனிலிருந்து சிங்கப்பூர் வந்த எஸ்கியூ321 விமானம் மியன்மார் வான்வெளியில் கடுமையாகக் குலுங்கியது. 211 பயணிகளும் 18 சிப்பந்திகளும் அதில் இருந்தனர். ஒருவர் மாண்டார். பலர் காயமடைந்தனர். விமானம் பேங்காக்கில் தரையிறங்கியது. தாங்கள் போகத் திட்டமிடாத ஒரு நகரத்தில், திட்டமிடாத ஒரு மருத்துவமனையில் பலர் நாள்கணக்கில் இருக்க நேர்ந்தது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் லேசான காயமடைந்தவர்களுக்கு 10,000 அமெரிக்க டாலர் தர முன்வந்தது. கடுமையாகக் காயமடைந்தவர்களுக்கு உடனடித் தேவைக்காக 25,000 அமெரிக்க டாலர் முன்பணமாக அறிவித்தது. அந்த அறிவிப்பு வந்தது சம்பவம் நடந்து ஏறக்குறைய மூன்று வாரத்துக்குப் பிறகு. முதல் நாளிலேயே மருத்துவமனையுடன் பேச ஒருவர் தேவை என்றால், அதற்குத்தான் காப்புறுதி நிறுவனத்தின் 24 மணி நேர உதவி எண்.

"பெரியப்பாவுக்கு உடம்பு முடியல": ரத்துசெய்தால் பணம் வருமா?

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். 'பயண ரத்து' என்றால் எந்தக் காரணத்துக்காகவும் ரத்துசெய்யலாம் என்று பொருளில்லை. பாலிசியில் எழுதியிருக்கும் காரணங்கள் மட்டும்தான் செல்லும். உங்களுக்கு அல்லது நெருங்கிய உறவினருக்குக் கடுமையான நோய், மரணம், போகும் இடத்தில் இயற்கைப் பேரிடர், உங்கள் வீட்டில் தீ போன்றவை வழக்கமாக அந்தப் பட்டியலில் இருக்கும். "லீவு கிடைக்கல", "நண்பன் வரல", "மனசு மாறிடுச்சு" எல்லாம் இராது. எந்தக் காரணத்துக்கும் ரத்துசெய்யும் வசதியைச் சில நிறுவனங்கள் கூடுதல் கட்டணத்துக்குத் தருகின்றன. அதிலும் முழுப் பணம் திரும்பாது.

சரி, 'நெருங்கிய உறவினர்' யார்?

நமக்குப் பெரியப்பா, சித்தி, அத்தை, மாமா எல்லாரும் நெருக்கம்தான். பாலிசிக்கு அப்படியில்லை. கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், பெற்றோர், மாமனார் மாமியார், உடன்பிறந்தோர், தாத்தா பாட்டி, பேரப்பிள்ளைகள் என்று ஒரு பட்டியல் இருக்கும். பல பாலிசிகளில் பெரியப்பாவும் அத்தையும் அதில் இருக்கமாட்டார்கள். உங்களை வளர்த்ததே சித்தியாக இருந்தாலும், பட்டியலில் அந்த உறவு இல்லை என்றால் கோரிக்கை நிராகரிக்கப்படலாம்.

இன்னொரு சிக்கல், 'முன்பே இருந்த நோய்'. உங்களுக்கு ஏற்கெனவே உள்ள ஆஸ்துமா, நீரிழிவு, இதய நோய் ஆகியவற்றால் வெளிநாட்டில் ஏற்படும் செலவைச் சாதாரணத் திட்டங்கள் ஏற்பதில்லை. பல பாலிசிகளில் அந்த விதி உறவினருக்கும் பொருந்தும். பாட்டி இரண்டு ஆண்டுகளாக இதய நோய்க்குச் சிகிச்சை பெறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பயணத்துக்கு முதல் நாள் அதே நோயால் அவரை மருத்துவமனையில் சேர்க்கிறீர்கள். பயணத்தை ரத்துசெய்தால் பணம் கிடைக்காமல் போகலாம்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. முன்பே இருந்த நோய்களையும் சேர்த்துக்கொள்ளும் திட்டங்கள் சிங்கப்பூரில் விற்பனைக்கு உண்டு. கட்டணம் கூடுதல். அப்பா அம்மாவை அழைத்துக்கொண்டு போகிறீர்கள் என்றால், உங்களுக்கு வாங்கும் அதே மலிவுத் திட்டத்தை அவர்களுக்கும் வாங்கிவிடாமல் இதை ஒருமுறை விசாரியுங்கள்.

ஊர்ப் பயணத்தில் நாம் வழக்கமாக மாட்டும் இடங்கள்

கல்யாண நகை: தாலி, ஆரம், வளையல் என்று பெட்டியில் வைத்துக் கொண்டுபோகிறோம். பயணப்பெட்டிக்கான பாதுகாப்பில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வரம்பு உண்டு. நகைக்கு அந்த வரம்பு மிகக் குறைவாக இருக்கும் அல்லது பாதுகாப்பே இராது. சரக்கில் போட்ட பெட்டிக்குள் நகை தொலைந்தால் நிலைமை இன்னும் மோசம். நகையைக் கைப்பையில் வைப்பது பாட்டி சொன்ன அறிவுரை மட்டுமில்லை, பல பாலிசிகளின் நிபந்தனையும் அதுவே.

மச்சானின் பைக்: "சும்மா கடைவரைக்கும்தான்" என்று ஹெல்மெட் இல்லாமல் ஏறுகிறீர்கள். உங்களிடம் மோட்டார்சைக்கிள் உரிமம் இல்லை. விழுந்தால், மருத்துவச் செலவுக் கோரிக்கையில் கேட்கப்படும் முதல் கேள்வியே உரிமம் இருந்ததா என்பதுதான். காருக்கான உரிமம் பைக்குக்குச் செல்லாது. பாலி, புக்கெட் போகிறவர்களுக்கும் இதே விதி. மது அருந்திவிட்டு ஓட்டினால் பேச்சே இல்லை.

சிகிச்சைக்காகவே போவது: பல்லுக்கு, கண்ணுக்கு, முழங்காலுக்கு என்று சென்னைக்கும் மதுரைக்கும் போகிறவர்கள் உண்டு. பயணத்தின் நோக்கமே சிகிச்சை என்றால் அந்தச் செலவைப் பயணக் காப்புறுதி ஏற்காது.

ஆட்டோவில் மறந்த கைப்பேசி: திருட்டு வேறு, மறந்து வைத்துவிடுவது வேறு. கவனிக்காமல் விட்ட பொருளுக்குப் பெரும்பாலும் பணம் கிடைக்காது.

மலையேற்றம்: சாதாரண நடை சரி. உயரமான மலைப்பகுதிகளில் ஏறுவதற்குப் பல பாலிசிகள் உயர வரம்பு வைத்திருக்கின்றன. இமயமலைப் பக்கம் போகிறவர்கள் அந்த எண்ணைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

போர் என்றால்?

2025 ஜூன் 23ஆம் தேதி கத்தார் தன் வான்வெளியைத் திடீரென்று மூடியது. டோஹா வழியாகப் போகும் பயணிகள் உலகின் பல விமான நிலையங்களில் சிக்கிக்கொண்டனர். துபாய், டோஹா வழியாக ஐரோப்பாவுக்குப் போகும் சிங்கப்பூரர்களுக்கு இது தொலைதூரச் செய்தி இல்லை.

பெரும்பாலான பயணக் காப்புறுதிகளில் போரும் அதைப் போன்ற நிகழ்வுகளும் விலக்கப்பட்டிருக்கும். பயங்கரவாதத் தாக்குதலுக்குச் சில திட்டங்கள் பாதுகாப்பு தருகின்றன. வான்வெளி மூடப்பட்டதால் வரும் தாமதத்துக்குச் சில திட்டங்களில் தொகை உண்டு, சிலவற்றில் இல்லை. அத்தகைய நேரத்தில் சில நிறுவனங்கள் விதியைத் தளர்த்தி அறிவிப்பு வெளியிடுவதும் உண்டு. ஆகவே அந்த வழியாகப் போகிறவர்கள் வாங்குமுன் கேட்கவேண்டிய கேள்வி: "வான்வெளி மூடப்பட்டால் தாமதத் தொகை கிடைக்குமா?" பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பதற்றமான நாட்டுக்குப் போக வேண்டாம் என்று வெளியுறவு அமைச்சு ஆலோசனை சொன்ன பிறகும் கிளம்பினால், பாலிசி பயனில்லாமல் போகக்கூடும். கிளம்புமுன் அமைச்சின் இணையப்பக்கத்தைப் பாருங்கள். அங்கேயே உங்கள் பயண விவரத்தை இலவசமாகப் பதிவும் செய்யலாம்.

"என் கடன்பற்று அட்டையிலயே இருக்கே?"

இருக்கலாம். என்ன இருக்கிறது என்று பாருங்கள். பல அட்டைகளில் இலவசமாக வருவது, விமானம் போன்ற பொதுப் போக்குவரத்தில் விபத்து நேர்ந்து மரணமோ நிரந்தர உடற்குறையோ ஏற்பட்டால் தரும் தொகைதான். டிக்கெட்டுக்கான முழுப் பணத்தையும் அந்த அட்டையிலேயே கட்டியிருக்கவும் வேண்டும். மைல்களைக் கொண்டு டிக்கெட் எடுத்தவர்களுக்கு அது பொருந்தாமல் போகலாம். டெங்கி வந்து ஒரு வாரம் மருத்துவமனையில் படுத்தால் பல அட்டைகள் உதவாது.

இரண்டு காப்புறுதி வைத்திருந்தால் இரு மடங்கு கிடைக்குமா? விபத்து மரணம், உடற்குறைக்கான தொகையை இரண்டு பக்கமும் கோரலாம். மருத்துவக் கட்டணம், ஹோட்டல் பணம் போன்ற உண்மையான செலவுகளுக்கு அப்படிச் செய்ய முடியாது. செலவழித்ததற்கு மேல் திரும்பி வராது.

வேலை அனுமதிச் சீட்டில் இங்கே இருக்கும் நண்பர் ஒருவர் விடுப்பில் ஊருக்குப் போகிறாரா? அவருக்கு முதலாளி எடுத்திருக்கும் மருத்துவக் காப்புறுதி வேறு. அதில் ஆண்டுக்குக் குறைந்தது 60,000 வெள்ளி இருக்கவேண்டும் என்பது 2023 ஜூலையிலிருந்து நடப்பிலுள்ள விதி. அது அவருடைய பெட்டிக்கோ விமானத் தாமதத்துக்கோ உதவாது. செல்லுபடியாகும் அனுமதிச் சீட்டு வைத்திருப்பவர்கள் பயணக் காப்புறுதி வாங்கலாம். ஆனால் சொந்த நாட்டில் பெறும் சிகிச்சையை அந்தத் திட்டம் ஏற்குமா, சிங்கப்பூருக்குத் திரும்பி வரும் டிக்கெட் இருக்க வேண்டுமா என்பதைக் கேட்டுச் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் இருக்கும் அந்தப் பக்கங்களைப் படித்துச் சொல்வது நீங்கள் அவருக்குச் செய்யக்கூடிய பெரிய உதவி.

ஏதாவது நடந்துவிட்டால் என்ன செய்வது?

கோரிக்கைகள் தடுமாறுவது பெரும்பாலும் ஆதாரம் இல்லாததால்தான். வீடு திரும்பிய பிறகு தேட முடியாத ஆவணங்கள் இவை:

- விமானம் தாமதமானால்: எத்தனை மணி நேரம், என்ன காரணம் என்று விமான நிறுவனம் எழுத்தில் தரும் கடிதம் அல்லது மின்னஞ்சல். ஏறும் அட்டையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.
- பெட்டி வரவில்லை என்றால்: விமான நிலையத்தைவிட்டு வெளியேறுமுன் பயணப்பெட்டி முகப்பில் எழுத்துபூர்வமாகப் புகார்.
- திருட்டு என்றால்: பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் காவல்துறைப் புகார். தமிழ்நாட்டில் புகார் கொடுத்ததும் 'சிஎஸ்ஆர்' எனும் ரசீது கேட்டு வாங்குங்கள்.
- மருத்துவமனை என்றால்: நோயின் பெயர் எழுதிய மருத்துவர் அறிக்கை, ஒவ்வொரு செலவுக்கும் ரசீது. படுக்கையில் சேரும் நிலை என்றால் முதலில் காப்புறுதியின் உதவி எண்ணுக்கு அழையுங்கள். சில சமயம் நிறுவனமே மருத்துவமனைக்கு நேரடியாகப் பணம் கட்டும்.

பொதுவாக 30 நாளுக்குள் கோரிக்கையைத் தெரிவிக்க வேண்டும்.

நிராகரித்துவிட்டார்களா? எந்த விதியின்படி என்று எழுத்தில் கேளுங்கள். பதில் திருப்தி இல்லை என்றால் 'ஃபிட்ரெக்' எனப்படும் நிதித்துறைச் சச்சரவுத் தீர்வு நிலையத்தை நாடலாம். 2005இலிருந்து இயங்கும் இந்த அமைப்பில் முதலில் சமரசப் பேச்சு, பிறகு தீர்ப்பு என்று இரண்டு கட்டங்கள். வழக்கறிஞர் தேவையில்லை. ஆனால் நிறுவனத்தின் இறுதிப் பதில் வந்த ஆறு மாதத்துக்குள் போய்விட வேண்டும்.

வாங்குமுன் ஐந்து நிமிடம்

பாலிசி ஆவணம் நாற்பது, ஐம்பது பக்கம் இருக்கும். முழுவதையும் யாரும் படிக்கமாட்டோம். சரி, இவற்றை மட்டுமாவது தேடிப் பாருங்கள்:

1. வெளிநாட்டு மருத்துவச் செலவுக்கும் மருத்துவ இடமாற்றத்துக்கும் எவ்வளவு?
2. 'குடும்ப உறுப்பினர்' என்றால் யார் யார்?
3. 'முன்பே இருந்த நோய்' பற்றி என்ன எழுதியிருக்கிறது?
4. 'பொது விலக்குகள்' பகுதியில் உங்கள் பயணத்துக்குப் பொருந்துவது எது? பைக்கா, மலையா, நகையா?
5. உங்கள் பயணத்தைப் பாதிக்கும் 'தெரிந்த நிகழ்வு' எதையாவது நிறுவனம் ஏற்கெனவே அறிவித்திருக்கிறதா?

ஒரு வாரப் பயணத்துக்குப் பெரும்பாலும் சில பத்து வெள்ளிதான் ஆகும். ஊருக்கு வாங்கிப்போகும் மிட்டாய்க்கே அதைவிட அதிகம் செலவழிப்போம். காப்புறுதி வேண்டாம் என்று முடிவெடுத்தால் அது உங்கள் விருப்பம். வாங்குவது என்று முடிவெடுத்தால் டிக்கெட் எடுத்த அன்றே வாங்கிவிடுங்கள்.

அடுத்த முறை சிராங்கூன் சாலை முகவர் "இன்சூரன்ஸ் போடவா?" என்று கேட்டால், "ஊருக்குத்தானே" என்று உடனே சொல்லிவிடாதீர்கள். "என்னென்ன கவர் ஆகும் அண்ணே? புயல் வந்தா?" என்று திருப்பிக் கேளுங்கள்.